5:14 முதல் 5:51 வரை

இதை நம்புங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. என்னிடம் ஐம்பத்திரண்டு படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மணி, நிமிடம், நொடி பதிந்திருக்கிறது. கேமராவுக்குக் கற்பனை கிடையாது. எனக்கும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்து வயிறு வளர்ப்பவன் நான். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். அதோடு சரி.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தைந்து வருட வேலை. ஊசி இறங்கியது தெரியாமல் ரத்தம் எடுப்பாள். அழுகிற குழந்தைகளைக்கூட அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், நிலைக்கவில்லை. ஒரு நாள் பெட்டியும் கையுமாக அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "கை கழுவிட்டு வாடா, தட்டு வைக்கிறேன்" என்றாள். ஏன், எதற்கு என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒரு வெளிநாட்டு மலையின் படம் பார்த்திருக்கிறாள். மலை முழுக்க வாசல்கள். நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் தங்கள் பிணங்களை வைக்கக் குடைந்த அறைகளின் வாசல்கள். "செத்தவங்களுக்கு இவ்வளவு வீடு, உயிரோட இருக்கற நமக்கு ரெண்டு ரூம்" என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். அவள் ஓய்வு பெற்ற மாதம், போய் வரலாம் என்றேன். எனக்கும் ஒரு காலண்டர் கம்பெனி, பழைய கட்டடங்களின் படங்கள் கேட்டிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன்.

ஒரு பஸ், பதினாறு பேர். எங்களோடு வந்த டூர் மேனேஜருக்கு எல்லோரும் வைத்த பெயர் விசில் அண்ணன். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஊதினால் எங்கிருந்தாலும் ஓடி வர வேண்டும். வந்ததும் தலை எண்ணுவார். பதினாறு வந்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும்.

நான்காம் நாள் மாலை மலைக்குப் போனோம்.

நூற்று நாற்பது படிகள். மேற்குப் பார்த்த மலை. வெயில் நேராக வாசல்களில் விழுந்துகொண்டிருந்தது. சில அறைகளுக்குள் போகலாம். குனிந்து போய், வெறும் கல் தரையைப் பார்த்துவிட்டு, குனிந்து திரும்ப வேண்டும். மூன்றாவது வரிசை முடிகிற இடத்தில், கடைசி வாசலுக்குக் கீழே இருந்த படியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் பார்த்து முடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு மேல என் முட்டி வராதுடா. நீ போய்ப் பாரு."

எதிரே ஒரு மேடு தெரிந்தது. அங்கிருந்து எடுத்தால் மலை முழுவதும் ஒரே படத்தில் வரும். வெளிச்சம் தேன் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷம்கா."

"நீ அஞ்சுன்னா அம்பது. போ, போ. நாலாயிரம் வருஷம் நின்ன மலை, உனக்காக இன்னும் அரை மணி நேரம் நிக்காதா?"

போனேன். முக்காலியை நிறுத்தினேன். பெரிய லென்ஸை மாட்டினேன். முதல் படம் 5:14. கடைசிப் படம் 5:51. இடையில் ஏதோ சத்தம் கேட்டது போல ஒரு ஞாபகம் இருக்கிறது. பறவை என்று நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வெளிச்சம் போய்விடும் என்ற பயம்.

5:50-க்கு விசில் அடித்தது. இன்னும் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு இறங்கி, மலைப் படியில் பாதி ஏறும்போது 6:04. இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா கடைசி வாசலின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, வா. விசில் அடிச்சாச்சு."

அவள் உடனே வரவில்லை. யார் என்று யோசிப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். கைப்பிடியைத் தொடவில்லை. என் தோளையும் பிடிக்கவில்லை. நூற்று நாற்பது படியும் நிற்காமல் இறங்கினாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"முட்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

தண்ணீர் பாட்டில் அந்தப் படியிலேயே கிடந்தது. அவள் எடுக்கவில்லை. அரை வாய்த் தண்ணீரைக்கூட வீணாக்காதவள். திரும்பிப் போய் எடுக்க எனக்கும் சோம்பல்.

பஸ்ஸில் அக்காவின் பக்கத்து இருக்கை ஒரு டீச்சரம்மாவுடையது. நாலு நாளாக இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். அன்று பஸ் கிளம்பிப் பத்து நிமிடத்தில் டீச்சரம்மா எழுந்து பின்னால் போய்விட்டார்.

"என்னாச்சு டீச்சர்?"

"ஒண்ணுமில்லப்பா. அங்க ரொம்ப குளிருது."

ஏ.சி. அன்று வேலை செய்யவில்லை. நாங்கள் எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த மூன்று நாளும் அக்காவை நிறையப் படம் எடுத்தேன். தூணருகே, கல் சிங்கத்தருகே, ஆற்றங்கரையில். ஒன்றும் சரியாக வரவில்லை. ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பின்னால் இருந்த கல் துல்லியமாக இருந்தது. அவள் மட்டும் கலங்கலாக இருந்தாள். கேமரா அவளைத் தாண்டிப் போய்ப் பின்னால் எதையோ பிடித்துக்கொண்டு நின்றது. லென்ஸைத் துடைத்தேன். அமைப்புகளை மாற்றிப் பார்த்தேன். மற்றவர்களை எடுத்தால் கண் இமைகூட எண்ணுகிற மாதிரி வந்தது.

லென்ஸில் தூசி போயிருக்கும் என்று முடிவு செய்தேன்.

வீடு திரும்பினோம். கல்யாண சீசன். மூச்சுவிட நேரமில்லை. மலைப் படங்களை ஹார்ட் டிஸ்கில் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். காலண்டர் கம்பெனிக்கு ஆண்டுக் கடைசியில் கொடுத்தால் போதும்.

அக்கா சமைத்தாள். வீட்டைப் பெருக்கினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு வாசலில் நின்றுகொண்டிருப்பாள். சமையலறை வாசல், குளியலறை வாசல், என் அறையின் வாசல். இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நட்ட நடுவில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"ஏன்க்கா நிக்கிற? உட்காரேன்."

"பழகிடுச்சு."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிலர் இப்படி ஆவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மனசுக்குப் பிடித்த பதில் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யார் யோசிக்கிறார்கள்?

இரண்டாம் மாதம், அக்காவின் சர்க்கரை அளவு பார்க்கப் பழைய பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அக்காவிடம் தொழில் படித்தவள். காலை 7:20. நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நாலு இடத்தில் குத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை. ஊசியையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா தண்ணி சரியா குடிக்கறதில்ல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பஞ்சு, டப்பா எல்லாம் மேஜையிலேயே கிடந்தன.

9:05-க்கு எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, இனிமே வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன். நான் வரல."

"ஏம்மா?"

"நான் ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டதே அக்கா கையிலதான். குத்து, குத்திப் பழகுன்னு அவங்களே கையை நீட்டுவாங்க. அந்த நரம்பு எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு அங்க ஒண்ணுமே இல்லண்ணா."

வைத்துவிட்டாள்.

அப்போதாவது டிராயரைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை 6:40. காலண்டர் கம்பெனிக்காரர் அவசரப்படுத்தியதால் மலைப் படங்களைக் கணினியில் போட்டேன். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தேன். அறையில் கணினியின் வெளிச்சம் மட்டும். சமையலறையில் குழாய் ஓடும் சத்தம்.

படங்கள் அருமையாக வந்திருந்தன. முழு மலை. தேன் நிற வெயில். வரிசை வரிசையாகக் கறுப்பு வாசல்கள். எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது.

மூன்றாவது வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பெரிதாக்கினேன். அக்கா. வெள்ளைச் சால்வை. பக்கத்தில் பாட்டில். படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். 5:14.

அவ்வளவு தூரத்திலும் சால்வையின் குஞ்சம்கூடத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த படத்துக்குப் போனேன்.

5:21. அக்கா எழுந்து நிற்கிறாள். முகம் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது.

5:22. தலையைச் சாய்த்திருக்கிறாள். உள்ளிருந்து யாரோ பேசுவதைக் கேட்பது போல.

5:29. வாசலில் நிற்கிறாள். வலது கை இருட்டுக்குள் நீண்டிருக்கிறது. யாரோ கேட்டதைக் கொடுக்கப் போகிறவள் போல... ரத்தம் எடுக்க நோயாளியின் கையை வாங்கிப் பிடிப்பாளே, அது போல.

5:33. என் பக்கம் திரும்பிவிட்டாள். இடது கையை மேலே தூக்கியிருக்கிறாள். வலது கை இன்னும் இருட்டுக்குள்தான் இருக்கிறது.

5:34. கை இன்னும் மேலேதான் இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது.

5:35. வாய் திறந்திருக்கிறது.

5:36.

5:37.

எல்லாவற்றிலும் என்னைத்தான் பார்க்கிறாள். நான் நின்ற மேட்டை. நேராக லென்ஸை. நான் அதே லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு, அதே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த படத்தைத் தட்டினேன்.

5:41. அக்கா இல்லை. வாசல் சட்டத்தில் நாலு விரல்கள் மட்டும்.

5:43. விரல்களும் இல்லை.

படியில் பாட்டில் மட்டும்.

5:44. 5:45. 5:46. வெறும் வாசல்.

குழாய் சத்தம் நின்றது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

5:49.

வாசலில் அவள் நிற்கிறாள். கைகள் நேராகத் தொங்குகின்றன. என்னைப் பார்க்கிறாள். படியில் உள்ள விரிசல் துல்லியமாக இருக்கிறது. பாட்டிலின் மூடி துல்லியமாக இருக்கிறது. அவள் மட்டும்...

கலங்கல்.

எனக்குப் பின்னால் அறையின் வாசல்.

நான் திரும்பவில்லை.

"ரொம்ப நேரம் கூப்பிட்டா."

குரல் அக்காவுடையதுதான்.

"யாரு?" என்றேன்.

"அவதான்."

திரையில் அவள் முகம். திரைக் கண்ணாடியில், என் தோளுக்கு மேலே, வாசல் சட்டத்தின் நடுவே, ஓர் உருவம்.

"நீ பார்க்கல."

ஒன்று... இரண்டு... சுவர்க் கடிகாரத்தின் முள் ஓசை மட்டும்.

"சாப்பிட வா. ஆறிடும்."

போய்விட்டாள். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மணி 7:02.

அன்றிரவு ஸ்டூடியோவில் படுத்தேன். படுத்தேன் என்றுதான் சொல்ல முடியும். விடிந்ததும் விசில் அண்ணனுக்கு போன் செய்தேன். பைத்தியம் என்று நினைக்கக் கூடாதே என்று சுற்றி வளைத்துப் பேசினேன்.

"அண்ணே, மலையில மூணாவது வரிசை, கடைசி அறை. அதுக்குள்ள என்ன இருக்கு? வேற பக்கம் வழி இருக்கா?"

"கடைசியா? அது அறையே இல்ல சார்."

"வாசல் இருக்கே."

"வாசல் மட்டும்தான். கல்லுல செதுக்கி வச்சது. ஓர் உள்ளங்கை ஆழம் இருக்கும், அவ்வளவுதான். வெயில் சாயும்போது நிழல் விழுந்து திறந்திருக்கற மாதிரி தெரியும். செத்தவங்க வந்து போறதுக்குன்னு வச்சாங்களாம். நம்ம போக வழி கிடையாது. அதுக்குப் பின்னால மலைதான் சார்."

உள்ளங்கையை மேஜைமேல் வைத்து, அது எவ்வளவு ஆழம் என்று பார்த்தேன்.

"ஏன் சார்? அக்கா எப்படி இருக்காங்க?"

"அப்புறம் பேசறேன்ணே" என்று வைத்துவிட்டேன்.

போலீஸுக்குப் போகலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வேன்? அக்காவின் பாஸ்போர்ட்டில் திரும்பி வந்த முத்திரை இருக்கிறது. விமான நிலையத்தில் அவள் விரல் ரேகை வாங்கியிருக்கிறார்கள். பென்ஷன் ஆபீஸுக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். காணாமல் போனவள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது?

விசில் அண்ணனின் அடுத்த குழுவில் என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். விசா வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அந்த இருபத்து மூன்று நாளும் வீட்டுக்குப் போய்ச் சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வருவேன். போகும்போதெல்லாம் வெளிக்கதவு திறந்திருக்கும். அவள் நிலைப்படியில் நிற்பாள். எதுவும் கேட்க மாட்டாள். நான் உள்ளே போகச் சற்றே ஒதுங்கி வழி விடுவாள். அந்தக் குளிர் என் கையில் படும்.

மலைக்குப் போனபோது மாலை 5:30. விசில் அண்ணனிடம் படங்களைக் காட்டியிருந்தேன். மனுஷன் கூடவே ஏறி வந்தார். குழுவைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். தலைகூட எண்ணவில்லை.

கடைசி வாசல். நிழல் விழுந்திருந்தது. கையை நீட்டினேன். மணிக்கட்டு வரைகூடப் போகவில்லை. கல். தட்டினேன். மலையைத் தட்டினால் என்ன சத்தம் வரும்? ஒன்றும் வராது. நெற்றியை வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

அக்கா.

அக்கா.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விசில் அண்ணன்தான் என் தோளைப் பிடித்து இழுத்தார். அங்கே காவலுக்கு இருப்பவர் மேலே வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் சாவிக் கொத்து. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னையும் அந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் மொழியில் விசில் அண்ணனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். இருவரும் பேசிக்கொண்டார்கள். விசில் அண்ணனுக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும்.

"என்ன சொல்றாரு?"

"தினம் சாயங்காலம் பூட்ட வரும்போது இந்தக் கல்லுக்குள்ள இருந்து ஒரு பொம்பளை குரல் கேக்குமாம் சார். நாலஞ்சு மாசமா. ஆபீஸ்ல சொல்லி, பெரிய ஆளுங்க காலையில வந்து பார்த்தாங்களாம். காலையில கேக்காதாம்."

"என்ன... சொல்லுமாம்?"

"இவருக்குப் புரியலையாம். வர்ற டூரிஸ்ட் கிட்டயெல்லாம் சொல்லிக் காட்டி, எந்த பாஷைன்னு கேட்டிருக்கார். யாருக்கும் தெரியல. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சாம்."

காவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல நேராக நின்றார். ஒரு சொல்லும் அறியாத மொழியில், ஒவ்வோர் எழுத்தாக, தப்பில்லாமல் சொன்னார்.

"அது... நான்... இல்லடா."

விசில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காவலர் என்னைப் பார்த்து, கையை விரித்து ஏதோ கேட்டார். என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார்.

"இப்பவும் கேக்குதான்னு கேளுங்கண்ணே."

கேட்டார். காவலர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து அடுத்த கையில் நாலு விரல். பிறகு தலையை இடவலமாக ஆட்டினார்.

"ஒன்பது நாளா இல்லையாம் சார்."